வெட்டப்படாத வாக்கியம்

செவ்வாய், இரவு

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வானொலியில், நேயர்கள் அழைத்துப் பேசும் நிகழ்ச்சி சில விநாடிகள் தாமதித்தே ஒலிபரப்பாகும். தகாத சொல் வந்தால், அதற்குள் அந்த வாக்கியத்தையே வெட்டுவது என் பணி. இதுவரை ஒன்றையும் தவறவிட்டதில்லை.

இன்றைய தலைப்பு, 'வீட்டில் சொல்ல முடியாதவை'. கிள்ளானிலிருந்து மாலா என்று ஒருத்தி அழைத்தாள். "எங்கப்பாவோட மயிரு ரூல்ஸுக்குப் பயந்தே நான் வீட்ல வாயத் தொறக்கிறதில்ல லா" என்றாள்.

குரல் என் மகள் யாழினியுடையது. வெட்டும் பொத்தான்மேல் விரல் உறைந்துவிட்டது. வாக்கியம் முழுதாக ஒலிபரப்பாயிற்று.

மேலாளர் ஓடிவந்தார். "என்ன சார், தூங்கிட்டீங்களா? போன் நிக்கவே மாட்டேங்குது லா!" நாளை நான் எழுத்தில் காரணம் தர வேண்டும். வேலை நிலைப்பது அதைப் பொறுத்தது.

மாலையில் யாழினியிடம் கேட்டேன். "ஊரே கேட்கும்படியாம்மா சொல்வது?"

"நீங்க வெட்டலையாப்பா? அந்த வார்த்தையப் போட்டா எப்படியும் வெட்டிருவீங்க, உங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்னு நெனச்சேன்."

என்னிடம் பேச என் மகளுக்கு ஒரு கெட்ட வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது. இதை எந்த விதியின் கீழ் எழுதுவேன்?