உறவினர் என்றால் போதுமாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, எனக்குத்தான் தூக்கம் இல்லை, மற்றபடி நலம் என்று எழுதிவிடலாம், உன் தம்பி விஷயம் இருக்கும்போது கை வரவில்லை. ஆலை வாசலில் அவன் ஓட்டிய வேன் இடித்துக் காவல்காரர் கால் முறிந்ததே, அந்த வழக்கு யார் முன்னால் வந்தது தெரியுமா, உன் பெரிய மாமா முன்னால். பிரேக் பிடிக்கவில்லை என்கிறான் இவன், வேண்டுமென்றே இடித்தான் என்கிறார்கள் ஆலைக்காரர்கள், நிரூபித்துவிட்டால் சிறைதான் என்கிறார் நம் வக்கீல். சொந்த அண்ணன்தானே நீதிபதி, உனக்கென்ன கவலை என்று நீ கேட்பாய். அவரை நீ மேடையில் பார்த்தவள், நான் கூடவே வளர்ந்தவள்.

பட்டாளத்தில் இருந்தவரை நேரான மனிதர்தான். முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. திரும்பி வந்து சட்டம் படித்து, வக்கீலாகி, தேர்தலில் நின்றாரோ இல்லையோ, வாயில் ‘செஞ்சிடலாம்மா’ ஒட்டிக்கொண்டது. நம் தெருவுக்கு விளக்கு கேட்டேன், செஞ்சிடலாம்மா என்றார், இன்றைக்கும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறோம். அவருடைய முதல் கூட்டத்துக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். எனக்குன்னு குடும்பமே கிடையாது, நீங்கதான் என் குடும்பம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள், பக்கத்தில் நின்ற தையல்காரர் மனைவி மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. பிறகு தோற்று, கட்சியை விட்டு, நீதிபதியாகி உட்கார்ந்ததும் அந்தச் செஞ்சிடலாம்மாவும் போயிற்று, எதற்கும் பார்ப்போம்தான்.

அப்படிப்பட்டவர் வழக்கு வருவதற்கு முன்னால் திடீரென்று வீட்டுக்கு வந்தார். பட்டாளத்துப் பழக்கம், நாற்காலியைச் சுவரோரம் இழுத்து வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். கூரை ஒழுகுதா, நாய் எங்க என்று விசாரித்தார். உன் தம்பியின் பேச்சை நான் எடுத்ததும் சட்டென்று எழுந்து, தெருவுல இன்னும் வெளக்கு போடலையா என்றபடி கிளம்பிவிட்டார். கொடுத்த டீ அப்படியே ஆறிக்கிடந்தது. எதை மோப்பம் பிடிக்க வந்தார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

நேற்று நீதிமன்றத்தில் தம்பி பெயரைக் கூப்பிட்டார்கள். உன் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இந்தக் கேஸை நான் விசாரிக்க முடியாது, இவன் என் கூடப்பொறந்த தங்கச்சி மகன் என்றார். அவ்வளவுதான், வழக்கு வேறு நீதிபதிக்குப் போய்விட்டது, அந்த ஆளைக் கல்மூஞ்சி என்றுதான் வக்கீல்களே சொல்வார்களாம். அப்பா, உங்கண்ணன் நைசா கையக் கழுவிட்டாரு பாத்தியா என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். நானும் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆனால் வக்கீல் ஒன்று சொன்னார், அதுதான் என்னைப் படுத்துகிறது. உறவினர் என்று சொன்னாலே போதுமாம், இன்ன உறவு என்று சொல்ல வேண்டுமெனச் சட்டத்தில் எங்கேயும் இல்லையாம். பிறகு எதற்கு அத்தனை பேர் முன்னால் என்னைக் கூடப்பிறந்தவள் என்றார்? இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. பிடிபடாததால் பயமாக இருக்கிறது. கூடப்பிறந்த தங்கச்சி என்று அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, அதை அப்பாவிடம் சொல்லிவிடாதே.

மாமா உனக்குப் போன் செய்தால் மரியாதையாகப் பேசு, தம்பியைப் பற்றி மூச்சு விடாதே. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வக்கீலிடம் பேசுவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
நீதிபதியின் கூடப்பிறந்த தங்கச்சி