காப்பி என்று நான் சொன்ன உன் லிஸ்ட்

மச்சான்,

இன்று காலை நம் ஜாவா புரோகிராமிங் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மெத்தடுக்கு லிஸ்ட்ட அனுப்புனேன். திரும்பி வந்து பாத்தா என் லிஸ்ட்லயே பாதி இல்ல. ஏன்?" யார் கேட்டாலும் முதல் ஆளாகப் பாய்ந்து பதில் போடுகிறவன் நான். இன்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் கடலூர், நீ கீரப்பாளையம். அதே குரூப்பில் ஒரு செமிகோலனுக்காகச் சண்டை போட்டுவிட்டு, ஒரே மாவட்டம் என்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தோம். இருவருக்கும் வீடியோதான் வாத்தியார்.

சிதம்பரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் சீட் புக்கிங்குக்குப் புரோகிராம் கேட்டார். பிடித்திருந்தால் உனக்கு அங்கேயே வேலை. எல்லாவற்றையும் நீதான் எழுதினாய். காலி சீட்டை எண்ணும் மெத்தடை, புரோகிராமில் அந்த ஒரு துண்டை மட்டும் நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். புக் ஆன சீட்டுகளை நீ அனுப்பும் சீட் லிஸ்ட்டிலிருந்து நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணினேன்.

"மச்சான், என் லிஸ்ட்ட அப்படியே குடுக்குறேன். அதுக்கு எதனா ஆயிடுமா?" என்று கேட்டாய்.

"ஜாவால எல்லாமே பாஸ் பை வேல்யூ மச்சான்! காப்பிதான் போவும். தைரியமா அனுப்பு."

பாதி வீடியோ பார்த்தவனின் தைரியம் அது. காப்பிதான் போகிறது. ஆனால் லிஸ்ட்டின் காப்பி அல்ல. லிஸ்ட் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரியின் காப்பி. உன் வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதித் தந்தால், அதை அடித்துவிட்டு நான் வேறு முகவரி எழுதிக்கொள்ளலாம்; உனக்கு ஒன்றும் ஆகாது. அதையே பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியைத் தூக்கிப்போனால், போவது உன் வீட்டு நாற்காலி.

காட்டப் போன அன்று டிராவல்ஸ்காரர் தன் ஆபீஸில் 'காலி சீட்' பட்டனை அமுக்கினார். இருபத்துநாலு என்று சரியாக வந்தது. நான் பூரித்துப்போய் உன் தொடையில் தட்டினேன். அடுத்து அவர் பஸ் படத்தைத் திறந்தார். முப்பத்தாறு சீட் பஸ்ஸில் இருபத்துநாலுதான் நின்றது.

"இன்னாபா இது? டிக்கெட் வாங்குன பன்னெண்டு பேரும் எங்க ஒக்காருவாங்க, டாப்புலயா?"

ஆபீஸே சிரித்தது. "என் தப்புதான் சார், எங்கயோ அவசரத்துல விட்டுட்டேன்" என்றாய். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கடலூர் பஸ்ஸில் போனை எடுத்துப் புரோகிராமைப் பார்த்தேன். என் மெத்தட்தான் உன் லிஸ்ட்டையே அழித்திருக்கிறது என்று புதுச்சத்திரம் வருவதற்குள் புரிந்துவிட்டது. அப்போதுதான் உன் மெசேஜ் வந்தது: "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மச்சான். எனக்கு இதெல்லாம் வராதோ?"

"விடு, பாத்துக்கலாம்" என்று அனுப்பினேன். கூட ஒரு சிரிக்கும் எமோஜி.

அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அந்தப் பெண்ணுக்குப் பதில் போடாமல் கீரப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். உன் வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்ட், காப்பி எதுவும் அவருக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எம்புள்ள சரியாத்தான் எழுதியிருந்தானா?"

"சரியாத்தான் எழுதியிருந்தான்மா."

"அவசரக்காரன்னு நானும் திட்டுனேனே அவன." பிறகு கேட்டார்: "இத அவங்கிட்ட சொன்னியாப்பா?"

அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு வந்தேன். நீ எழுதியது சரி, மச்சான். தப்பு என்னுடையது.