மதிலுக்கு அந்தப்பக்கம் எரிந்த விளக்கு

மட்டாஞ்சேரி
வியாழக்கிழமை

அன்புள்ள அபிராமுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், முட்டிவலியைக் கழித்துவிட்டால் முழு சௌக்கியம். அங்கே ஜெர்மனிக் குளிரை உன் உடம்பும் மனசும் தாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆலுவாப் பக்கம் அப்பா இருந்தபோது வாங்கிப் போட்ட வில்லாவில் எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே போய்விடு, தனியாக இருந்தாலும் பயமில்லை என்றாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னாய். போனில் சொன்னால் நீ மறுத்துப் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை, நல்ல காற்று, நல்ல தண்ணீர். ஆனால் காலனி கேட்டுக்குள் இருக்கிற நாலு தெருவும் மதிலில் போய் முட்டி நின்றுவிடுகின்றன. கார்த்திகையன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தால், பின்மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டு மாடியிலும் வரிசையாக அகல் எரிகிறது. நம்மைப்போல் தமிழ் மனுஷர்கள்தான் என்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அப்பமும் பொரியுருண்டையும் தூக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டுக்குப் போகணும் என்றதும் கேட்டில் நின்ற ஆட்டோக்கார ஷாஜி சிரித்தார், மதிலேறிக் குதித்தால் அரை நிமிஷம் சேச்சி, ரோடு வழி போனால் நாலு கிலோமீட்டர் என்றார். வயலாக இருந்தபோது குறுக்கே வரப்பு இருந்ததாம், ஒவ்வொரு காலனியும் வந்து தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டதாம். பெரிய ரோட்டுக்குப் போய்ச் சுற்றி அந்தக் காலனி வாசலில் இறங்கினால், வீட்டு நம்பர் என்ன, ஆள் பெயர் என்ன என்கிறார் காவலாளி. விளக்கு எரிகிற வீடு என்றேன். அப்படியெல்லாம் விடமுடியாது சேச்சி என்றுவிட்டார். திரும்பி வந்து பின்பக்கப் படியில் உட்கார்ந்து அந்த அப்பத்தை நானே தின்றேன், அங்கே கடைசி அகல் அணைகிறவரைக்கும்.

மட்டாஞ்சேரியில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பாய். நியாயம்தான். நம் சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துதான் கிடக்கின்றன, அவற்றில் வந்துகொண்டிருந்தவர்கள்தான் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டு மஞ்சுஷாகூடக் காக்கநாட்டுக்கு. சில நாள் பால்காரரைத் தவிர யாரோடும் பேச்சில்லை. ஆனாலும் நேற்று ஒரு சந்தில் போய் இன்னொரு சந்தில் திரும்புவதற்குள் பலசரக்குக்கடை பிச்சை, என்ன மாமி எட்டு நாளா ஆளையே காணோம், ஜெர்மனிக்குப் போய் மகனைப் பார்த்துட்டு வந்தாச்சா என்று கேலி செய்தார். நான் இல்லாத நாளை ஒருவர் எண்ணியிருக்கிறார். அந்த வில்லாவுக்கு நான் போகவில்லை கண்ணா, கோபித்துக்கொள்ளாதே.

அங்கே உன் வீட்டுக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப்பக்கக் கட்டிடத்தில் ஒரு பால்கனியில் மாவிலைத் தோரணம் தெரிகிறது என்று போன தையில் சொன்னாயே, அவர்களைப் போய்ப் பார்த்தாயா? பாலம் தூரமாக இருக்கலாம். சுற்றுவழியானாலும் போய்விட்டு வா. போகும்முன் எத்தனையாவது மாடி, இடமிருந்து எத்தனையாவது ஜன்னல் என்று எண்ணி வைத்துக்கொள், வாசலில் கேட்டால் அம்மாவைப்போல் விழிக்காதே.

குருவாயூரப்பன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
சீதாலக்ஷ்மி