பிள்ளைக்குக் கார்த்திக்னு பேர்

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேருந்து மழை. வாங்க வேண்டியது: பேம்பர்ஸ், பூண்டு, நல்லெண்ணெய். பிள்ளைக்கு இன்னிக்கு எட்டாம் நாள்.

குருக்கள் ஜாதகம் குடுத்தார். கார்த்திகை நட்சத்திரம். அம்மா உடனே, "அப்ப கார்த்திக்னே வச்சிரலாம்லா." என் வீட்டுக்காரி தேவியும் தலையாட்டினா. கொஞ்சம் வேகமாவே.

அவளுக்கு முதல்ல நிச்சயம் பண்ணின பூச்சோங் ஆள் பேரும் கார்த்திக். கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப வேணாம்னு போனவன். அவளே என்கிட்ட சொன்னது. அம்மாவுக்குத் தெரியாது.

மார்ச் 5, வியாழன்
வெயில். ரயில் லேட். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸ்ல வேலையே ஓடல. எங்ககிட்டயே மூணு கார்த்திக்: லோரி கா., ஸ்டோர் கா., கண்ணாடி கா. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில டீ ஆத்தறவனைப் பாத்து யாரோ, "கார்த்திக் அண்ணே, ஒரு தே தாரிக்!" அங்கயும் ஒருத்தன்.

குருக்களுக்கு போன். எங்கேருந்து வந்துச்சு இந்தப் பேரு? "கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் குடுத்து வளத்த பிள்ளை, தம்பி. கார்த்திகேயன். இப்ப சுருக்கிட்டாங்க."

யோசிச்சா எங்க வீட்லயும் அதே சாமிதான். கேரி தீவுத் தாத்தா ஆறுமுகம். அப்பா முருகையா. நான் சரவணன். அப்ப பூச்சோங்காரனுக்கும் எனக்கும் ஒரே சாமி பேரு. இன்னும் எரிஞ்சுச்சு.

மார்ச் 6, வெள்ளி
தேவி குளிக்கப் போனா. அவ போனைக் கையில எடுத்தேன். திறக்கல, வச்சிட்டேன். அசிங்கம்.

வந்ததும் கேட்டுட்டேன். "அவன் ஞாபகமா?"

பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம், "ஞாபகம் வரத்தான் செய்யுது. எங்க போனாலும் யாராவது அந்தப் பேரைக் கூப்பிடறாங்க. கேட்டா, வீடு வீடாப் போய் கல்யாணம் நின்னுபோச்சுன்னு அப்பா சொன்னதுதான் வருது. இனிமே இவன் முகம் வரட்டும்ங்க."

வெளிய போய்க் கொடியில கிடந்த துணியை எடுத்தேன். எதுவும் காயல.

மார்ச் 9, திங்கள்
லீவு. கிள்ளான் பதிவு ஆபீஸ். ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். பாரத்துல பேர்க் கட்டம் மட்டும் காலி. வேற ஏதாவது, அரவிந்த்னு எழுதிட்டா யார் தடுக்கப் போறா? கவுண்டர்ல மலாய்க்கார அக்கா பிள்ளை பேரைக் கேட்டாங்க. ரெண்டாவது தடவையும் கேட்டாங்க.

எழுதினேன். கார்த்திக், த/பெ சரவணன்.

வீடு. தொட்டில் பக்கம் குனிஞ்சு முதல் தடவையாக் கூப்பிட்டேன். "கார்த்திக்."

பிள்ளை நல்ல தூக்கம், அசையல. கட்டில்ல துணி மடிச்சிட்டிருந்த தேவிதான் சட்டுனு திரும்பினா.