எடுக்காத அழைப்பு

என் அன்பானவருக்கு,

கப்பல் ஏறுமுன் நீங்கள் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை; கோபத்தில் அல்ல. வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்காக, நம் லினக்ஸ் மடிக்கணினிக்கு நிரல் எழுதும் கருவிகளைப் போன் நெட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். பேசினால் நெட் அறுந்துவிடும். காலையிலிருந்து பலமுறை அறுந்து, முதலிலிருந்து தொடங்கியிருந்தேன்.

"அப்பாதாம்மா கூப்பிடறாரு, எடும்மா!" என்றாள் மகள்.

"இரு கண்ணு, முடியப்போகுது. அப்பா எங்க போயிடப் போறாரு?" என்றேன்.

இறங்கி முடிய மாலையாகிவிட்டது. நிறுவப் போனால், கூடவே வேண்டிய இன்னொரு மென்பொருள் தொகுப்பு இல்லையென்று நின்றுவிட்டது. உடனே உங்களைக் கூப்பிட்டேன். அதற்குள் கப்பல் போன் சிக்னல் எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டது. இன்றுவரை அது கரை திரும்பவில்லை.

நீங்கள் கடலுக்குப் போவதை நிறுத்தத்தானே எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது?

"அப்பா என்ன சொல்லக் கூப்பிட்டாரு?" என்று மகள் தினமும் கேட்கிறாள். நானும் தினமும் ஏதாவது சொல்லிவைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி