கொட்டாஞ்சேனைக் கிளை

ஒக்டோபர் 9, வியாழன்

பின்னேரம் இடியோடு மழை. வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் தெப்பம். மீன் வாங்கவில்லை. முட்டை போதும்.

காலையில் கொட்டாஞ்சேனை. எங்கள் கொழும்பு லேபின் ஆய்வு: இந்தியா, வங்காளதேசம், இலங்கை, இந்த மூன்று நாட்டுக் காசநோய்க் கிருமிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவு என்று பார்ப்பது. கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள். மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் தையற்காரர் செல்வராசா. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து போன வருடம் மனைவியோடு திரும்பியவர். கீழே வீட்டுக்கார ரீட்டா அக்காவின் மகள் ஷாமினி, ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மாணவி. இருவரும் மருந்து குடித்துத் தேறி வருகிறார்கள்.

வெளிக்கிடும்போது ரீட்டா அக்கா கேற்றடியில் மறித்தார். "மிஸ், ரெண்டு பேருக்கும் ஒரே கிருமியா?"

ஒருவருடைய பரிசோதனை முடிவை மற்றவரிடம் சொல்லக்கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதை வகுப்பெடுப்பதே நான்தான்.

"முதல் பரிசோதனையில ஒண்டு போலத்தான் இருக்கு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தியப் பக்கத்து வகை."

அவர் முகத்தில் ஒரு மரியாதை. எனக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் செய்த பிழை உறைத்தது.

அந்த வகைக்குப் பெயரில்தான் இந்தியா. காலங்காலமாக இங்கேயும் இருப்பது. அதை ஏன் சொல்லவில்லை?

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில். லேபில் ஏசி பழுது, எல்லோருக்கும் எரிச்சல்.

செல்வராசாவின் மனைவி வசந்தி எனக்குப் போன் எடுத்தார். முகாமில் வளர்ந்தவர், பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு.

"மேடம், ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாங்கதான் இந்தியாவுல இருந்து கொண்டுவந்து அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டோமாம். லேப் மேடமே சொன்னாங்கங்கிறாங்க. நீங்களா சொன்னீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய்யில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

தையல் கடைக்கும் கதை போய்விட்டதாம். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிற நேரத்தில் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹெந்தளையில் தெரிந்தவர் வீட்டு அறையொன்றுக்குப் போகிறார்கள்.

மத்தியானம் சாப்பிட மனமில்லை. பிறகு பசித்தது. ரோல்ஸ் இரண்டு. வெட்கம் பசியை நிறுத்துவதில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

மப்பு மூடிய வானம். முழு மரபணு வாசிப்பு வந்தது.

செ.வின் கிருமியும் ஷாமினியின் கிருமியும் ஒன்றேதான். நான் சொன்னது சரி என்று ஒரு கணம் நிம்மதி. ஆம், நிம்மதி.

பிறகு உறவு மரத்தைத் திரையில் விரித்தேன். தமிழ்நாட்டு மாதிரிகள் எல்லாம் ஒரு பக்கம். இவர்கள் இருவரும் எங்கோ தள்ளி, ஒரு சின்னக் கிளையில். அந்தக் கிளையில் இருப்பவை எல்லாம் கொட்டாஞ்சேனை, பக்கத்து கிராண்ட்பாஸ் ஆட்களின் பழைய மாதிரிகள். பக்கத்தில் ஒரு இந்திய மாதிரிகூட இல்லை.

செ. நாடு திரும்பியபோது எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். அவருக்கு இருமல் தொடங்கும் முன்பே ஷாமினி இருமலுக்குப் பாணி மருந்து குடித்துக்கொண்டிருந்தாள்; அவளே எனக்குச் சொன்னது. மனிதர் சுகமாக வந்து, அந்த வீட்டில்தான் பெரும்பாலும் நோயை வாங்கியிருக்கிறார். அந்த வீட்டிலிருந்துதான் துரத்தப்பட்டிருக்கிறார்.

ஆய்வுத் தலைவரான டொக்டரிடம் கொண்டுபோனேன். "நல்ல ரிசல்ட்," என்றார். "எல்லை தாண்டி வரேல்ல, இங்கேயே பரவுது." கேற்றடியில் நான் சொன்னதையும் அப்போதே சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எதிக்ஸ் கொமிட்டிக்கு நான் அறிவிக்கத்தான் வேணும்."

"ஓம், டொக்டர்."

"அந்த வீட்டில போய் என்ன சொல்லப் போறீங்க? அவரில்லை எண்டா, அப்ப ஆர் எண்டு கேப்பினம்."

அதை நான் யோசிக்கவேயில்லை. அவரைக் கழுவினால் கறை அந்தப் பிள்ளையில்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியத் தொடங்கிய மழை. முழுகிவிட்டு, பலகாரம் எதுவும் தொடாமல் ஹெந்தளைக்கு பஸ்.

ஒரு அறை. ஜன்னலடியில் தையல் மெஷின். செ. யாருடையதோ பழைய காற்சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, கிருமி நீங்க கொண்டுவந்ததில்லை. கொழும்புக் கிருமி. ரீட்டா அக்காட்ட கேற்றடியில வாய் விட்டது நான்தான். போனில வசந்திக்கும் மறைச்சிட்டன்."

மெஷின் நின்றது. "அப்ப அந்தப் பிள்ளைக்கு என்னால வரலையா?"

"இல்லை."

கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார் வசந்தி. "பிள்ளைக்குக் குடுத்துட்டேனேன்னு இவருக்குச் சோறே இறங்கலை."

செ. துணியை விலக்கிவிட்டுக் கேட்டார். "அப்போ எனக்கு எப்படி வந்துச்சு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க. பரீட்சை எழுதப்போற பிள்ளை."

வசந்தி தேநீர் தரவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வெயிலும் மழையும் மாறி மாறி. செ.வின் சம்மதத்தோடு டொக்டர் தையல் கடை முதலாளியுடன் கதைத்தாராம், இனி அவரிடமிருந்து தொற்றாது என்று. அடுத்த கிழமை வரட்டுமாம். தீபாவளி முடிந்துவிட்டது, தைக்க என்ன இருக்கும்?

நான் கொட்டாஞ்சேனைக்கு.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. செல்வராசா இந்தியாவில இருந்து ஒண்டும் கொண்டுவரேல்ல. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை."

"அப்ப எங்க இருந்து வந்தது, மிஸ்?"

"கொழும்பில இருந்து. அதுக்கு மேல கேக்காதீங்க."

ரீட்டா அக்கா வீதியைப் பார்த்தார். "ரூமுக்கு வேற ஆக்கள் வந்துட்டாங்களே," என்றார் மெதுவாக.

மேலே யாரோ கட்டில் இழுக்கும் சத்தம்.

ஷாமினி உள்ளேயிருந்து வந்தாள். "செல்வா அங்கிளோட நம்பர் இருக்கா மிஸ்? அம்மா ஏசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

"கேட்டுப்போட்டுத் தாறன்," என்றேன். பஸ் நிறுத்தத்தில் நின்று வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளைக்குக் குடுங்க," என்றார். "நீங்க மட்டும் இனிமே கூப்பிடாதீங்க, மேடம்."

சரி என்றேன்.