'கை' என்று ஒரு வரி

இன்று காலை திரையில் நீ பெயர் வைத்த வரி சிவப்பாகக் கிடந்தது. நீக்கப்பட்ட வரி என்று அர்த்தம். 'கை' என்ற ஹெடர் கோப்பை நிரலோடு சேர்க்கச் சொல்லும் வரி அது.

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். காகிதம் வெட்டும் இயந்திரத்துக்காக நாம் இருவரும் சி மொழியில் எழுதிய நிரலில் இப்படிக் கோப்புகளைச் சேர்க்கும் இன்க்லூட் வரிகள் வேண்டாமலே புதராக மண்டிவிட்டன. அவற்றைக் களைய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்து பார்க்கும். பிழை வந்தால் திரும்ப வைக்கும்; வராவிட்டால் நீக்கிவிடும். உன் வரியை எடுத்தபோது பிழை வரவில்லை.

நம் இயந்திரத்தைப் பொருத்த நாம் போயிருந்த நாரணாபுரத்து அச்சகம் நினைவுக்கு வந்தது. காலண்டர் சீசன். கத்தி இறங்கும் முன் யாராவது "கை!" என்று கத்துவார்கள், தாள் அடுக்குகிறவர்கள் சட்டென்று கையை எடுத்துக்கொள்வார்கள்.

"சென்சார்தான் வச்சிட்டோமே, இன்னும் எதுக்குக்கா கத்துறீக?" என்று நீ கேட்டாய்.

தாள் அடுக்கிய அக்கா சிரித்தார். "நாங்க கத்தாட்டி கத்தி பேசிரும் தாயி."

வேனில் திரும்பும்போது என் தோளை இடித்தாய். "உன்னய அங்கன நிறுத்துனா அம்புட்டுப் பேருக்கும் வெரலு போயிரும், புள்ள." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம் உனக்குத் தெரியும். மறுநாள்தான் அந்தக் கோப்புக்கு நீ 'கை' என்று பெயர் வைத்தாய்.

அதில் இருப்பது ஒரே ஒரு சொல். அது இருந்தால்தான், கத்திக்கு அடியில் கை தெரிந்ததும் நிறுத்தும் பகுதி நிரலில் சேரும். இல்லாவிட்டால் கம்பைலர் குறை சொல்லாது. அந்தப் பகுதியைப் பேசாமல் தாண்டிவிடும். இயந்திரம் நன்றாகவே ஓடும். கை இருந்தாலும் ஓடும்.

நம் பட்டறை வாசலுக்கு ஓடினேன். அந்த வரி இல்லாத நிரலை ஏற்றிய இயந்திரம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. "இதை அனுப்ப வேண்டாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கம்பைல் ஆயிருச்சுல்ல? பெறகென்னம்மா?" என்றார் முதலாளி. "சீசன் நேரம். லோடு கெளம்பட்டும். அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

எப்போதும்போல் தலையாட்டியிருப்பேன். ஆனால் அந்த அக்காவின் விரல்கள் கண்ணுக்குள் வந்தன.

"கை!" என்று கத்திவிட்டேன்.

இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் படக்கென்று கையை எடுத்துக்கொண்டார்கள். முதலாளியும் பேன்ட் பையிலிருந்த கையை வெளியே எடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வரி போனதையும், கை இருந்தாலும் கத்தி இறங்கும் என்பதையும் நான் சொல்லி முடித்தேன். இயந்திரம் இறங்கியது.

உன் வரியைத் திரும்ப வைத்துவிட்டேன். இனி அதை யார் எடுத்தாலும் கம்பைலரே பிழை காட்டி நின்றுவிடும், அப்படி எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வேனில், காலையில் கத்தியதில் தொண்டை கரகரத்துக்கொண்டே வந்தது. திருப்பி இடிக்கலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் உன் தோள் இல்லை.